நிலவறை ஓதம்: காற்றாட விடுவதா, கருவி வைப்பதா?

வெயில் ஏற ஏற ஈரம் கூடும் அறை ஒன்று இருக்கிறது என்றால் வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். டொரொன்டோ, மொன்றியல் போன்ற நகரங்களின் நிலவறைகள் அப்படிப்பட்டவை. பனிக்காலம் முழுவதும் உலர்ந்து கிடந்த கீழ்த்தளம் ஜூன் பிறந்ததும் மக்கிய மணம் வீசத் தொடங்கும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பூக்கும், அட்டைப்பெட்டிகள் தொய்ந்துபோகும், தரையோடு ஒட்டிக் கிடக்கும் மெத்தையின் அடிப்பக்கம் பிசுபிசுக்கும். ஒரு துளி மழை இல்லாத வாரங்களிலும் இது நடக்கும்.

இதற்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. சன்னலைத் திறந்து காற்றாட விடு என்றார்கள் பழைய சுகாதார அதிகாரிகள். நிலத்து நீரை வெளியிலேயே தடுத்துவிடு என்றார்கள் பொறியாளர்கள். சுவரைப் போர்த்திச் சூடாக வைத்திரு என்றார்கள் கட்டட அறிவியலாளர்கள். காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கி மூலையில் வை என்கிறது கடைத்தெரு. நான்குமே சரியான பதில்கள். நான்குமே தவறான இடத்தில் பயன்படும்போது பணத்தையும் உடல்நலத்தையும் கெடுப்பவை. எந்தப் பதில் எங்கே பொருந்தும், எங்கே தோற்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கனடாத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. 1983க்குப் பின் ஸ்காபரோவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் குடியேறிய ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றின் முதல் கனடிய முகவரி ஒரு பேஸ்மென்ட்டாகத்தான் இருந்தது. பின்னர் வீடு வாங்கித் தம் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுபவர்களும் அவர்களிடையே உண்டு. ஓதம் பற்றிய வழக்கில் இரு தரப்பிலும் நம்மவர்கள் நிற்கிறார்கள்.

ஈரம் வரும் வழிகள்

குளிர்நாட்டு வீட்டின் அடித்தளம் ஆழமாகத் தோண்டப்படுவதற்குக் காரணம் உறைபனி. மண்ணிலுள்ள நீர் உறைந்தால் விரியும், விரிந்தால் மேலே நிற்கும் கட்டடத்தைத் தூக்கும். அதனால் டொரொன்டோவில் அத்திவாரம் ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழத்துக்காவது இறங்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் சற்றுத் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது. நிலவறை இப்படிப் பிறந்தது, மனிதர் படுத்துறங்குவதற்காக அன்று. கரி கொட்டவும் உலை வைக்கவும் கட்டிய இடத்தில் பின்னர் படுக்கை போட்டார்கள்.

அந்த இடத்துக்குள் நீர் நான்கு வழிகளில் வருகிறது. மழைநீரும் உருகிய பனியும் விரிசல் வழியே நீராகவே வடியும். ஈர மண்ணில் நிற்கும் கான்கிரீட் தன் நுண்துளைகளால் நீரை மேலே இழுக்கும். நீரே தென்படாத இடத்திலும் நீராவி கான்கிரீட்டை ஊடுருவி மெல்ல வரும். நான்காவது வழி காற்று: வெளிக்காற்று தான் சுமந்துவரும் நீராவியைக் குளிர்ந்த தரையிலும் சுவரிலும் இறக்கிவைக்கும். இவற்றோடு குளியல், சமையல், துணி உலர்த்தல், மனிதரின் மூச்சு ஆகியவற்றால் உள்ளேயே உண்டாகும் ஈரமும் சேரும். புதிதாகக் கட்டிய வீட்டில் கான்கிரீட்டே ஓரிரு ஆண்டுகளுக்கு நீரை வெளியிட்டுக்கொண்டிருக்கும்.

நான்காவது வழியே அதிகம் ஏமாற்றுவது. தரை நனைந்திருப்பதைப் பார்த்தவுடன் நிலத்திலிருந்து ஊறுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் அந்த நீர் வெளிக்காற்றிலிருந்து வந்திருக்கும்.

இரண்டையும் பிரித்தறியும் எளிய வழி நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பரப்பு வியர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. ஒரு நாள் சோதனை ஒரு பருவத்தைச் சொல்லிவிடாது. மே மாதத்தில் ஒரு விடையும் ஆகஸ்டில் வேறு விடையும் கிடைக்கலாம். ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் செலவில் இறங்குபவர்களே அதிகம்.

காற்றே மருந்து என்ற நம்பிக்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லிவர்பூல் நகரத்தின் நிலவறைகளில் பல்லாயிரம் பேர் வாழ்ந்தார்கள். பஞ்சம் துரத்திய ஐரிஷ் குடியேறிகள் பலர் அவர்களிடையே இருந்தார்கள். மருத்துவர் வில்லியம் ஹென்றி டங்கன் அந்த அறைகளின் ஈரத்தையும் நெரிசலையும் காய்ச்சல் மரணங்களோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1847-இல் அந்நகரத்தின் முதல் சுகாதார மருத்துவ அதிகாரியாக அவர் அமர்த்தப்பட்டார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்பதே அக்காலத்தின் மருத்துவக் கொள்கை. ஆகவே நல்ல காற்று மருந்தாயிற்று. மியூனிக்கில் மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் அறைக்காற்றின் கரியமில வாயுவை அளந்து காற்றோட்டத்துக்கு எண் கொடுத்தார். சுவர்கள் மூச்சுவிடுகின்றன என்ற கருத்தும் அவர் வழியாகப் பரவியதே.

கொள்கை தவறாக இருந்தும் மருந்து ஓரளவு வேலை செய்தது என்பதை மறக்கலாகாது. நெரிசலான அறையில் காற்று மாறினால் நோய்த்தொற்று குறையும். அந்த வெற்றி காற்றோட்டத்தைக் கேள்வி கேட்கப்படாத விதியாக்கிவிட்டது. வட அமெரிக்காவில் அவ்விதி எண்ணாகவே சட்டத்தில் ஏறியது. தரைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள தவழ்வெளிக்குத் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்று 1940-களிலிருந்து வீட்டு விதிகள் கேட்டன. 1990-களில் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரோஸ் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, அந்த எண்ணுக்குப் பின்னால் வலுவான சோதனை ஆதாரம் எதுவும் இல்லை என்று கண்டார். பின்னர் வட கரோலினாவின் பிரின்ஸ்வில் ஊரில் ஒரே மாதிரியான 12 வீடுகளை ஒப்பிட்ட கள ஆய்வில், மூடி நீராவித் தடுப்பு இட்ட தவழ்வெளிகள் காற்றோட்டம் விட்டவற்றைவிட உலர்ந்திருந்தன, மின்சாரமும் மிச்சமாயிற்று. தவழ்வெளியும் நிலவறையும் ஒன்றல்ல என்றாலும் இரண்டிலும் இயங்கும் இயற்பியல் ஒன்றே.

அந்த இயற்பியலைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஜூலை மாதத்தின் ஒரு புழுக்கமான பிற்பகலில் வெளியே 28 பாகை வெப்பம், 65 சதவீத ஒப்பு ஈரப்பதம் என்று கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 17.7 கிராம் நீராவி இருக்கும். நிலவறைத் தரை 18 பாகையில் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய உச்ச அளவே 15.4 கிராம்தான். எஞ்சியது தரையில் நீராக இறங்கியாக வேண்டும். வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது குளிரும்போது அது நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 21 பாகை அளவில் இருக்கையில் 18 பாகைத் தரை வியர்ப்பதைத் தடுக்க எந்தக் காற்றாடியாலும் முடியாது.

இன்னும் ஒரு படி போகலாம். அறையை 18 பாகையில் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டுமானால் கன மீட்டருக்கு 7.7 கிராம் நீராவிதான் இருக்கலாம். உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 10 கிராம் கூடுதலாகக் கொண்டுவருகிறது. குளியலறை விசிறி அளவுள்ள ஒன்று மணிக்கு 100 கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்தால் மணிக்கு 1 லிட்டர், நாளுக்கு 24 லிட்டர் நீர் வீட்டுக்குள் வருகிறது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே டீஹியூமிடிஃபையரை ஓட்டுபவர் அந்த நாளில் தன் கருவியின் முழு வலுவையும் வெளிக்காற்றை உலர்த்தவே செலவிடுகிறார்.

ஊரில் காற்றாட விடுவது ஏன் வேலை செய்தது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சில மீட்டர் ஆழத்து மண்ணின் வெப்பநிலை அவ்விடத்து ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி இருக்கும். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அது 28 பாகை அளவில் உள்ளது. அங்குள்ள காற்றின் பனிநிலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான். தரை அந்தப் பனிநிலைக்குக் கீழே குளிர்வதில்லை, ஆகவே வியர்ப்பதில்லை. காற்று ஈரத்தை எடுத்துச் செல்கிறது. டொரொன்டோவின் ஆண்டுச் சராசரி 9 பாகை அளவு. அந்த மண்ணில் பதிந்த அறையில் அதே பழக்கம் எதிர்விளைவைத் தருகிறது. தாய்மார் சொல்லித்தந்த வழக்கம் தவறில்லை. அது வேறொரு மண்ணின் வெப்பநிலைக்கு உரியது.

ஆனாலும் காற்றோட்டத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் பிழை. பனிக்காலத்தில் −5 பாகையில் இருக்கும் வெளிக்காற்று கன மீட்டருக்கு மூன்றரை கிராம் நீராவியைக்கூடத் தாங்குவதில்லை. அதை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் வீடு விரைந்து உலரும். இலையுதிர் காலத்திலும் கோடையின் குளிர்ந்த இரவுகள் சிலவற்றிலும் இதே நன்மை ஓரளவு கிடைக்கும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ளும் புறமும் பனிநிலையை அளந்து, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் வேளையில் மட்டும் இயங்கும் விசிறிகள் விற்பனையில் உள்ளன. நல்ல யோசனைதான். ஆனால் நாள்கணக்காகப் புழுக்கம் நீடிக்கும் பெரிய ஏரிக்கரை நகரங்களில், மிகவும் தேவைப்படும் வாரங்களில் அந்த விசிறி சும்மா நிற்கும்.

காற்றோட்டத்துக்கு ஆதரவான கனமான வாதம் ஈரத்தைப் பற்றியதே அன்று, ராடானைப் பற்றியது. மண்ணிலிருந்து வரும் இந்தக் கதிரியக்க வாயு, புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. கனடாவின் வழிகாட்டு வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கரல். நிலவறையை இறுக மூடச் சொல்லும் எவரும் அதை அளந்து பார்க்கவும் சொல்ல வேண்டும். ராடானை வெளியேற்றத் தரைக்கடியிலிருந்து காற்றை உறிஞ்சும் குழாய் அமைப்பு, மண்ணிலிருந்து வரும் ஈரத்தையும் குறைக்கக்கூடும் என்று பென்சில்வேனியாவில் சில வீடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. எல்லா மண்ணிலும் எல்லாப் பருவத்திலும் அப்படி நடக்குமா என்பது வேறு.

நீரை வெளியிலேயே நிறுத்துதல்

பொறியாளர்களின் பதில் மிக எளிமையானது: நீர் சுவரை அடையவே கூடாது. கூரைநீரைத் தள்ளிவிடும் பீலி, வீட்டிலிருந்து சரிந்து செல்லும் நிலம், அத்திவாரத்தைச் சுற்றிக் கல்லுக்குள் பதித்த வடிகுழாய், குழியில் சேரும் நீரை இறைத்து வெளியேற்றும் சம்ப் பம்ப், சாக்கடை நீர் எதிர்த்து ஏறாமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு என்று இதன் உறுப்புகள் நீளும். கனடாவில் அந்த வடிகுழாயை வீப்பிங் டைல் என்பார்கள். பழைய வீடுகளில் அது சுட்ட களிமண்ணால் ஆனது; பல பத்தாண்டுகளில் மண்ணும் வேரும் அடைத்துவிடும்.

இந்தப் பதிலுக்கு மாற்று இல்லை என்பதை மழை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. 2013 ஜூலை 8 அன்று டொரொன்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை சில மணி நேரத்தில் கொட்டியது. ஆயிரக்கணக்கான நிலவறைகளில் நீர் புகுந்தது. 2024 ஜூலையிலும் நகரம் மீண்டும் மூழ்கியது. நீராக உள்ளே வரும் ஈரத்துக்கு டீஹியூமிடிஃபையரால் எதுவும் செய்ய இயலாது. மழைக்கு மழை நனையும் சுவரின் முன் அதை வைத்து ஓட்டுவது, நோயை மறைக்கும் மருந்தை நாள்தோறும் தின்பது போன்றது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் இரண்டு. ஒன்று செலவு. பீலியையும் நிலத்தின் சரிவையும் சீர்செய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை, பல வீடுகளில் அதுவே போதும். ஆனால் சுவரின் வெளிப்புறத்தைத் தோண்டி நீர்த்தடுப்பு இடுவது சேமிப்பையே விழுங்கும் வேலை. மற்றது அதைவிட முக்கியம்: இது மண்ணிலிருந்து வரும் முதல் மூன்று வழிகளையே குறிவைக்கிறது, நான்காவதைத் தொடுவதில்லை. பெருஞ்செலவில் வெளிச்சுவரைத் தோண்டி முடித்த வீட்டிலும் அடுத்த ஜூலையில் தரை வியர்க்கும். வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டார் என்று அப்போது எண்ணத் தோன்றும். கேள்விதான் தவறாகக் கேட்கப்பட்டிருந்தது.

போர்த்திய சுவர்

தரையும் சுவரும் குளிர்ந்திருப்பதால்தான் வியர்க்கின்றன என்றால் அவற்றைச் சூடாக வைத்தால் போதுமே என்பது மூன்றாவது பதில். சக்திச் சிக்கனம் கருதி நிலவறைச் சுவர்களுக்கு வெப்பக்காப்பு இட வேண்டும் என்ற விதிகளும் இதோடு சேர்ந்துகொண்டன. நோக்கம் நல்லது. வழி பல ஆண்டுகள் தவறாக இருந்தது.

கான்கிரீட்டை ஒட்டி மரச்சட்டம், சட்டத்துக்குள் கண்ணாடிநாரிழை மெத்தை, அதன் மேல் பாலித்தீன் தாள், அதன் மேல் ஜிப்சம் பலகை. கனடாவின் நிலவறைகளில் மிகப் பரவலான அமைப்பு இதுதான். மேல்தளச் சுவரில் பனிக்காலத்து வீட்டுக்காற்றின் ஈரம் வெளியே போய் உறையாமல் தடுக்கும் அந்தப் பாலித்தீன், நிலவறையில் கான்கிரீட்டிலிருந்து உள்நோக்கி வரும் ஈரத்தைச் சிறைப்பிடிக்கிறது. சட்டமும் மெத்தையும் நனைந்து, பலகைக்குப் பின்னால் யாரும் காணாத இடத்தில் பூஞ்சணம் வளர்கிறது. கனடாவில் பிறந்த ஜோசப் ஸ்டீபுரெக் போன்ற கட்டடப் பொறியாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறார்கள். கான்கிரீட்டில் நேரடியாக நுரைப்பலகையை ஒட்டு, உட்பக்கம் பிளாஸ்டிக் தாள் இடாதே, சுவர் உட்பக்கமாக உலர இடம் விடு என்பது அவர்கள் பாடம். அறைக்காற்று பின்னால் புகாத வண்ணம் இறுக ஒட்டிய நுரைப்பலகை, வியர்க்கும் பரப்பையே இல்லாமல் செய்துவிடுகிறது.

இன்றைய அறிவில் இதுவே அடிப்படையான தீர்வுக்கு மிக அருகில் வருவது என்று சொல்லலாம். ஆனால் தரை இன்னும் குளிர்ந்தே இருக்கும். தரைக்கடியில் நுரைப்பலகை இடுவது புது வீட்டில் எளிது, பழைய வீட்டில் கூரையின் உயரத்தைத் தின்னும். உயரம் குறைந்த பழைய பேஸ்மென்ட்டில் சில அங்குலங்கள்கூடச் சட்டத்துக்கு உட்பட்ட வாடகை வீட்டுக்கும் உட்படாததுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடலாம். மேலும், சுவர் சூடானாலும் உள்ளே வந்த நீராவி எங்கோ போயாக வேண்டும்.

கருவியின் வரவு

காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் இயந்திரம் குளிரூட்டியின் தம்பி என்றே பலர் எண்ணுகிறார்கள். வரலாற்றில் அது அண்ணன். 1902-இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரம் மாற மாறத் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாமல் போயிற்று. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பே இன்றைய குளிரூட்டலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர் கேட்கப்பட்டது ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். காற்றைக் குளிர்ந்த சுருளின் மேல் செலுத்தினால் நீர் சொட்டும் என்ற அதே கொள்கைதான் இன்று கடையில் வாங்கும் சக்கரம் வைத்த பெட்டிக்குள்ளும் இயங்குகிறது. ஆனால் இந்தப் பெட்டி குளிர்ச்சுருள், வெப்பச்சுருள் இரண்டையும் அறைக்குள்ளேயே வைத்திருப்பதால் அறையைக் குளிர்விப்பதில்லை.

சூடாக்குகிறது, எவ்வளவு என்று கணக்கிடலாம். நீராவி ஒரு லிட்டர் நீராகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை விடுகிறது. யூனிட்டுக்கு 1.6 லிட்டர் எடுக்கும் கருவி அந்த லிட்டருக்கு 0.63 யூனிட் மின்சாரத்தைத் தின்கிறது, அதுவும் வெப்பமாகிறது. நாளுக்கு 10 லிட்டர் எடுத்தால் 13 யூனிட் வெப்பம் அறைக்குள் சேரும். 500 வாட்டுக்குச் சற்று மேலான சூடேற்றி ஒன்று நாள் முழுவதும் எரிவதற்கு அது சமம். ஆளில்லாத குளிர்ந்த நிலவறைக்கு இது வரவு, ஏனெனில் வெப்பம் ஏறினாலே ஒப்பு ஈரப்பதம் இறங்கும். ஆகஸ்டில் சிறு சன்னல் கொண்ட ஓரறைக் குடியிருப்பில் பிள்ளைகளோடு உறங்கும் குடும்பத்துக்கு அதுவே தண்டனை.

கருவியின் அளவு பற்றி ஒரு குழப்பம் இன்னும் தீரவில்லை. 2019 ஜூன் வரை அமெரிக்காவில் இவை 26.7 பாகை வெப்பத்தில் சோதிக்கப்பட்டன. நிலவறைகள் அவ்வளவு சூடாக இருப்பதில்லை. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு, ஆகவே எடுக்கும் நீரும் குறைவு. பெட்டியில் எழுதியது வீட்டில் கிடைத்ததே இல்லை. அதன்பின் சோதனை 18.3 பாகைக்கு மாற்றப்பட்டது. நாளுக்கு 70 பைன்ட் என்று விற்ற கருவி 50 பைன்ட் என்று, ஏறத்தாழ 24 லிட்டர் என்று விற்கப்பட்டது. இயந்திரம் மெலியவில்லை, அளவுகோல் கடைசியில் நிலவறைக்குள் இறங்கி வந்தது. பழைய கருவியின் எண்ணைப் பார்த்துப் புதியதை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. அறை 18 பாகைக்குக் கீழே போனால் சாதாரணக் கருவிகளின் சுருளில் பனி உறையும். குளிர் தாங்கும் வகையோ, ஈரமுறிஞ்சும் சக்கரம் கொண்ட வகையோ அங்கே வேண்டும். பின்னதற்கு மின்சாரம் கூடுதல். வாளி நிரம்பியதும் கருவி நின்றுவிடும். யாரும் ஊற்றாவிட்டால் நின்றபடியே இருக்கும். வடிகாலுக்குக் குழாய் பொருத்தப்படாத கருவி பாதி நேரம் வேலை செய்யாத கருவி என்றே கொள்ளலாம். கருவியிலேயே உள்ள ஈரமானி சில புள்ளிகள் பிசகுவது சாதாரணம். மலிவான தனி மானி ஒன்றை அறையின் மறு மூலையில் வைத்து ஒப்பிடுவது நல்லது. தீ அபாயமும் மறைக்கத்தக்கதன்று. 2013-இல் தொடங்கிய ஒரு மீளழைப்பில் மட்டும், சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் சில பழைய பொருள் சந்தைகளில் இன்னும் கைமாறக்கூடும். பழைய கருவியை வாங்குமுன் அதன் மாதிரி எண்ணை மீளழைப்புப் பட்டியலில் பார்த்துவிட வேண்டும்.

ஈரம் உறிஞ்சக் கால்சியம் குளோரைடு கொட்டிய சிறு வாளிகளைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. மூடிய அலமாரிக்கு அவை போதும், அறைக்குப் போதா.

எத்தனை சதவீதம்?

எந்த வழியில் போனாலும் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இருக்கிறது. இங்கேதான் ஆய்வுகள் அதிகம், உறுதி குறைவு. 1980-களின் நடுவில் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோடர் ஸ்டெர்லிங்கும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஒரு வரைபடம், 40 முதல் 60 சதவீதம் வரை நலமான வட்டாரம் என்று காட்டியது. அந்தப் படம் நூற்றுக்கணக்கான இடங்களில் மறுபதிப்பானது. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, உண்ணி என்று ஒவ்வொன்றுக்கும் அது வரைந்த கூம்புகள் பல்வேறு ஆய்வுகளைச் சுருக்கிக் காட்டும் வரைவுகளே, அளந்த கோடுகள் அல்ல என்ற விமர்சனமும் உண்டு.

தூசு உண்ணியின் கதை இன்னும் தெளிவானது. 1960-களில் நெதர்லாந்தின் லெய்டனில் வூர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் வீட்டுத்தூசு ஒவ்வாமைக்கு உண்ணியே மூலம் என்றும், ஈரமான வீடுகளில் அது பெருகுகிறது என்றும் நிறுவினார்கள். நீரைக் குடிக்காமல் காற்றிலிருந்தே ஈரம் பெறும் உயிரி அது. ஒகாயோவில் லாரி ஆர்லியன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரப்பதத்தை 51 சதவீதத்துக்குக் கீழே நிறுத்திய வீடுகளில் உண்ணிகள் பெரிதும் குறைந்தன. இதற்கு மாறாக, மான்செஸ்டரில் கையடக்க டீஹியூமிடிஃபையர்களை வைத்துச் செய்த 1990-களின் ஆய்வில் பயன் தெரியவில்லை; பிரிட்டனின் ஈரக் காலநிலையில் அந்த அளவுக்கு ஈரத்தை இறக்கவே இயலவில்லை. எண் சரிதான், எட்டுவதுதான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

பூஞ்சைக்கு அறைக்காற்றின் எண்ணே போதாது. அது பார்ப்பது சுவரின் மேற்பரப்பில் உள்ள ஈரத்தை. மேற்பரப்பில் ஒரு மாதச் சராசரி 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி நெடுநாள் வழங்கியது. அதற்கு மாற்றாகப் பின்லாந்தில் உருவான பூஞ்சை வளர்ச்சிக் கணிப்பு முறை வந்திருக்கிறது. நடு அறையில் மானி 55 காட்டும்போது, குளிர்ந்த மூலையில் அலமாரிக்குப் பின்னால் 80 இருக்க முடியும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துவது சில வேளை கருவியைவிடக் கூடுதல் பயன் தரும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் இருமலும் மூச்சிரைப்பும் கூடுதல் என்பதை 2004-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) அறிக்கையும் 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் ஏற்றன. இத்தனை பூஞ்சை வித்து வரை பாதுகாப்பு என்று இரண்டுமே வரம்பு சொல்லவில்லை. கனடாவின் சுகாதாரத் துறையும் 2007-இல் எண் வைக்க மறுத்து, ஈரத்தைக் கட்டுப்படுத்து, சேதத்தைச் செப்பனிடு என்று மட்டும் சொன்னது. கேள்வியைத் திருப்பி, டீஹியூமிடிஃபையர் வைத்தால் ஆஸ்துமா தணியுமா என்று கேட்டால் ஆதாரம் மேலும் மெலிகிறது. 2013-இல் வந்த காக்ரேன் மீளாய்வுக்குக் கிடைத்த தகுந்த சோதனைகள் மிகச் சில. அவற்றால் தெளிவான பயன் நிறுவப்படவில்லை. ஓதம் தீங்கு என்பதற்குச் சான்று வலுவானது; இந்தக் கருவி அத்தீங்கை நீக்கும் என்பதற்கு இன்னும் அவ்வளவு வலுவில்லை.

செலவு யாருடையது?

ஆய்வுகள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. ஒன்டாரியோவில் பேஸ்மென்ட் வாடகை வீடுகளின் சட்டநிலை தடுமாறியே வந்திருக்கிறது. 1994-இல் ஒரு சட்டம் அவற்றைப் பரவலாக அனுமதித்தது, 1996-இல் அடுத்த அரசு அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது, 2011-இல் இரண்டாம் குடியிருப்புகளுக்கு இடமளிக்குமாறு நகராட்சிகள் மீண்டும் பணிக்கப்பட்டன. சட்டத்துக்கு வெளியே இருந்த ஆண்டுகளில் ஓதம் பற்றி முறையிட்டால் வீடே போய்விடும் என்று வாடகைக்காரர் அஞ்சினார். 2006-ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் பேணுவது உரிமையாளர் கடமை. ஆனால் ஈரப்பத எண் எதையும் அச்சட்டம் சொல்லவில்லை. விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது: சன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளே காயப்போடுகிறார்கள், சமைக்கும்போது விசிறி போடுவதில்லை என்று உரிமையாளர் குற்றம் சொல்வார்; சுவர் ஊறுகிறது என்பார் வாடகைக்காரர். மேலே பார்த்தபடி, கோடையில் சன்னலைத் திறக்கச் சொல்லும் அறிவுரையே ஓதத்தைக் கூட்டக்கூடும். உள்ளே துணி உலர்த்துவது ஈரத்தைக் கூட்டும் என்பதும் உண்மை. பிளாஸ்டிக் தாள் சோதனையையும் ஈரமானியின் ஒரு மாதப் பதிவையும் இரு தரப்பும் சேர்ந்து பார்த்தால் இந்த வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

தீராமல் நிற்பவை

வரிசையைப் பற்றி இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முதலில் மழைநீர், பிறகு தரையிலும் சுவரிலும் நீராவித் தடுப்பும் வெப்பக்காப்பும், அதன்பின் எஞ்சியதற்குக் கருவி. வரிசையின் கடைசியில் நிற்பதால் கருவி முக்கியமற்றது என்று கொள்வதே பிழை. வெப்பமான, ஈரமான கோடையும் குளிர்ந்த மண்ணும் சேரும் ஊர்களில், எல்லாம் சரியாகச் செய்த வீட்டுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலிருந்து நீரை எடுக்க ஏதோ ஓர் இயந்திரம் வேண்டியிருக்கிறது. அது டீஹியூமிடிஃபையராக இருக்கலாம், மேல்தளக் குளிரூட்டியோடு இணைந்ததாக இருக்கலாம், அறைக்காற்றிலிருந்து வெப்பம் எடுத்து வெந்நீர் போடும் புதுவகைக் கொதிகலனாகக்கூட இருக்கலாம். அதுவும் வேலையின் ஊடே காற்றை உலர்த்துகிறது. இவற்றில் எது குறைந்த மின்சாரத்தில் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதற்குப் பொதுவிடை இல்லை.

கோடையில் 50-இல் நிறுத்துவதா 60-இல் நிறுத்துவதா என்பதும் திறந்தே இருக்கிறது. உண்ணி ஒவ்வாமை உள்ள குடும்பத்துக்கு 50. மற்றவர்க்கு 55 அளவில் நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில் தவறு காண்பது கடினம். 60-ஐத் தாண்ட விடுவதற்கு மேலே பார்த்த எந்த ஆய்வும் துணை நிற்கவில்லை. காலநிலை மாறிக் கோடையின் பனிநிலை ஏறினால் இன்று போதுமான கருவி நாளை போதாமல் போகலாம். ஆளில்லாத சோதனை நிலவறைகளில் அளந்த எண்கள், நான்கு பேர் சமைத்துக் குளித்து உறங்கும் பேஸ்மென்ட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. அந்த வீடுகளில் வாழ்பவர்களே அதிகம் இருமுகிறார்கள்.

அதுவரை பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவியை வடிகுழாயோடு உரிமையாளரே பொருத்திக் கொடுங்கள், ஓர் ஈரமானியைச் சுவரில் மாட்டுங்கள், கோடை மாதங்களில் அதற்காகும் மின்கட்டணம் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பம் இடுங்கள்.